நாலு கம்பிக்கு ஒரு சொல்

கையால் தொட மாராயிக்கு மனம் வரவில்லை. கூரையில் செருகியிருந்த தொரட்டிக்கோலை உருவி, சுவர் முளையில் தொங்கிக்கொண்டிருந்த வாத்தியத்தின் கழுத்துக் கயிற்றில் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தாள். முளைக்கு நேர் கீழேதான் அவள் புருஷன் செங்கோடன் பாயில் நீட்டிக் கிடந்தான். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்ததில், பல்வலிக்காரன் ஒருவன் அசந்து தூங்குவது போலிருந்தது முகம்.

கயிறு கொக்கியிலிருந்து நழுவியது. அது சுவரில் மோதி, நாலு கம்பியும் ஒன்றாகக் கலகலத்து, அவன் காலடியில் போய் விழுந்தது. அங்கே படுத்திருந்த கரியன் என்ற நாய் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. விடிந்ததிலிருந்து அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

“எழவு ஊட்டுலயுமா உனக்குச் சத்தம்” என்றாள் மாராயி, அந்தப் பொருளைப் பார்த்து.

வாசலில் பெண்கள் வந்து சேரும் அரவம் கேட்டது. சட்டென்று அதை ஒரு சாக்கில் சுருட்டிப் பின்பக்கம் கொண்டுபோய், காலி மிளகுக் கூடைக்குள் அமுக்கி, மேலே சாமை வைக்கோலை அள்ளிப் போட்டாள். போட்டுவிட்டு முன்னால் வந்து, தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் செத்தவனின் கைச்சாமானை அவனோடு குழியில் வைத்துவிடுவார்கள். தினம் அவன் கை பிடித்த அருவாள், வெற்றிலைப் பை, சுமைகட்டும் கயிறு எல்லாம் போய்விட வேண்டும். ஒன்றை நிறுத்திக்கொண்டால், அதைத் தேடி வீட்டுக்கு வருவான் என்பார்கள். செங்கோடன் இந்த ஆறேழு மாசமாக அருவாளைப் பிடித்ததைவிட இதைப் பிடித்ததுதான் அதிகம். ஊர்க்கவுண்டரிலிருந்து எல்லாரும் பார்த்த விஷயம். குழி வெட்டி முடித்ததும் கேட்கத்தான் போகிறார்கள். மாராயி ஒன்றே ஒன்றைத் தீர்மானம் செய்திருந்தாள். அவனைத் தனியாக அனுப்பினாலும் அனுப்புவாளே தவிர, இன்னொருத்தியோடு சேர்த்து அனுப்பமாட்டாள்.

அந்த இன்னொருத்தி யார் என்பதுதான் தெரியவில்லை. மண்ணைத் தள்ளி மூடுவதற்குள் அது தெரிந்தாக வேண்டும். மூடிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

உலகச் சண்டை ஓய்ந்த மறுவருஷம் மாசியில், மிளகு சுமந்துகொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியவன், உப்பும் கருவாடும் வாங்கிவர வேண்டியவன், இதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி வந்தான். உப்பு வரவில்லை. முழங்கையைவிடக் கொஞ்சம் நீளம். நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே அகன்ற வயிறு, வயிற்றில் ஒரு ஓட்டை. பார்த்ததுமே மாராயிக்கு அது ஒரு பொம்பளை உருவமாகத்தான் பட்டது. என்னது இது என்று கேட்டாள். நாலுகம்பி என்றான். எதற்கு என்றாள். சும்மா என்றான். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, சும்மா என்று ஒரு காரியம் அவன் செய்து அவள் பார்த்ததில்லை.

கம்பி என்றாலும் அது கம்பியில்லை, நரம்பு. எந்தப் பிராணியின் நரம்பு, சாமி மாடம் இருக்கிற வீட்டுக்குள் இதைக் கொண்டுவரலாமா என்று பிடித்துக்கொண்டாள். ஆட்டு நரம்புதான், கேட்டுத்தான் வாங்கினேன் என்றான். யாரிடம் கேட்டீர்கள்? விற்றவர்களிடம். யார் விற்றது? பழைய சாமான் கடை. பழசென்றால் இதற்கு முந்தி யார் கையில் இருந்தது? ஏற்காட்டில் ஒரு காப்பித்தோட்டத்துத் துரை வைத்திருந்ததாம், கப்பல் ஏறும்போது சமையல்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் போனானாம். சமையல்காரன் எங்கே? அவன் செத்துப்போனான், அவன் பெண்டாட்டிதான் கடை போட்டிருக்கிறாள்.

பெண்டாட்டி என்ற இடத்தில் மாராயி கையிலிருந்த முறம் நின்றது.

அவன் வெளியே போனதும் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வயிற்று ஓட்டைக்குப் பக்கத்தில் யாருடைய நகமோ தேய்த்துத் தேய்த்து மரம் பள்ளமாகியிருந்தது. கழுத்தை மோந்து பார்த்தாள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம். மலையில் யாரும் தேய்க்காத, பூ போட்டுக் காய்ச்சிய எண்ணெய்.

பிள்ளையில்லாத வீடு அது. இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஊரில் இரண்டு மூன்று தடவை பேச்சு வந்து, செங்கோடன் வாய் திறக்காமலேயே அந்தப் பேச்சு அவிந்துபோயிருந்தது. வேண்டாம் என்று அவன் சொன்னதில்லை. அந்தச் சொல்லாத சொல்லின் மேலேதான் மாராயி இத்தனை வருஷமாக ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

பாட்டு வாசித்தாலும் பரவாயில்லை. அவனுக்குப் பாட்டு வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வாசல் பாறைமேல் உட்கார்ந்து, காதை அதன் வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அதன் தலையிலிருந்த முளைகளைத் திருகித் திருகி நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டுவான். ஒன்று மேலே, அடுத்தது கீழே, அடுத்தது நடுவே, கடைசிச் சத்தம் எட்டப் போய் உயரும். திருப்பித் திருப்பி அதேதான். உதடு மட்டும் எதையோ முணுமுணுக்கும். கிட்டே போனால் நிறுத்திக்கொள்வான்.

“அது யாரையோ கூப்புடுதுடி” என்று கொழுந்தன் பெண்டாட்டி ராமாயியிடம் மாராயி சொன்னாள்.

ராமாயிக்கு எதுவும் வேடிக்கைதான். “எங்கூட்டுக்காரரு சந்தைக்குப் போனா பொகையிலை வாங்கியாராரு. உங்கூட்டுக்காரரு பொம்பளைக் கொரலையே வாங்கியாந்துட்டாருங்க்கா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாராயி சிரிக்கவில்லை.

மலையில் ஆளின் பேரைச் சொல்லித் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு பிறகொரு நாள் காட்டில் ஆளை மயக்கும் பாவை அதே குரலில் கூப்பிடும், போனவன் திரும்பமாட்டான் என்று பயம். அதனால் வீட்டுக்கு ஒரு சொல் உண்டு. ஒரு வீட்டில் ‘மாடு வந்திருச்சு’ என்பார்கள், இன்னொரு வீட்டில் ‘வெளக்கு வெச்சாச்சு’ என்பார்கள். மாடு வந்திருக்க வேண்டுமென்பதில்லை. அந்தச் சொல் கேட்டால் அந்த வீட்டு ஆள் கிளம்பி வருவான், அவ்வளவுதான். மாராயி வீட்டுச் சொல் ‘கூழாறுதுங்’, கூழ் ஆறுகிறது என்று. புருஷன் பேரைச் சொல்லக்கூடாதவளுக்கு அது இரட்டைச் சௌகரியம். வீட்டுக்குப் பின்னால், நாய்க்குக் கூழ் ஊற்றும் கல்தொட்டி ஓரத்தில் நின்றுதான் கூப்பிடுவாள். அவன் வேலை செய்யும் எதிர்ச் சரிவில் அது எந்தச் சத்தமாகப் போய் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் ஏறி வருவதுதான் அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில், பொழுது சாயும் நேரத்தில், ஒரு மரப்பொட்டி மனுஷக் குரலில் கூப்பிட்டால் என்ன நினைப்பது? அது பாவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொம்பளையாக இருக்க வேண்டும். மாராயி ஒருநாள் அது என்றும் ஒருநாள் இது என்றும் நினைத்தாள். நாய்கூட மாறிவிட்டிருந்தது. சில நாள் அந்த நாலு சத்தம் கேட்டதும் கரியன் எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடிப்போகும். பயந்து ஓடுகிறது என்று நினைத்தாள். வாயில்லாத ஜீவனுக்குத் தெரிந்தது இந்த ஆளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தாள்.

அதோடு விட்டதா? கம்பி இறங்கிப்போகும். எவ்வளவு திருகினாலும் அவனுக்குச் சுருதி சரியாகச் சேர்க்க வராது. சந்தைக்குச் சந்தை அதையும் தூக்கிக்கொண்டு மலை இறங்குவான். அங்கே யார் சேர்த்துத் தருவார்கள் என்று கேட்டதற்கு, “அந்தம்மாதான்” என்றான். அதற்குப் பிறகு மாராயி கேட்கவில்லை. அந்தம்மா என்று அவன் சொன்ன விதத்தை மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஆடியில் சந்தையிலிருந்து குளிர்க்காய்ச்சலோடு ஏறி வந்தவன் படுத்துவிட்டான். அந்தப் பொருள் வந்த வழியிலேயே காய்ச்சலும் வந்தது என்றாள் மாராயி. பூசாரி வந்து மந்திரித்துத் திருநீறு போட்டார். வேர்க்கஷாயம் கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கிக்கொண்டே இருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருந்தான். கையைத் தூக்கிச் சுவர் முளையைக் காட்டினான். மாராயி அதைப் பார்க்காதவள் போலக் கூழ்ச்சட்டியைக் கொண்டுவந்து, “முதல்ல இதைக் குடிங்” என்றாள். அவன் சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தன் நெஞ்சில் தட்டினான். நாலு தட்டு. நிறுத்தி, மறுபடி நாலு தட்டு. சாகக் கிடக்கும்போதும் அவளைக் கூப்பிடுகிறான் என்று நினைத்த மாராயி, சட்டியை அடுப்புமேட்டில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. மலையின் இன்னொரு பக்கத்துப் பைல் நாட்டிலிருந்து வரவேண்டிய பங்காளிகள் வந்து சேர்ந்தார்கள். செங்கோடனின் தம்பி பொங்கியண்ணன், மரவள்ளிக் காட்டு ஓரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தவன், மண் படிந்த காலோடு வந்து, அண்ணன் கைச்சாமானெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னான். அருவாளும் பையும் கயிறும் வந்தன. முளையை நிமிர்ந்து பார்த்தவன், அந்த நாலுகம்பி எங்கே என்று கேட்டான். தெரியவில்லையே என்றாள் மாராயி. அவன் நம்பவில்லை. துக்க வீட்டில் நின்று தர்க்கம் செய்யவும் அவனால் முடியவில்லை. தேடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில்தான், சந்தைக்குப் போய் ஏறிவரும் மிளகுச் சுமைக்காரர்களுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைச் சேலைக்காரி வந்து நின்றாள். மாராயி வயசுதான் இருக்கும். கழுத்தில் தாலியில்லை. மலைப்பாதை பழகாத கால், விரலெல்லாம் கல் பட்டுக் கிழிந்திருந்தது. வாசலில் இருந்த கூட்டத்தையும் உள்ளே பாயையும் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். ராமாயி மாராயியின் காதோரம் வந்து, இவதாங்க்கா என்றாள். அவள் குரலில் இப்போது வேடிக்கை இல்லை.

மாராயி எழுந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவளிடம் போய், பின்னால வாங் என்று மட்டும் சொன்னாள்.

பின்பக்கம் கல்தொட்டியும் விறகும் மிளகுக் கூடைகளும் தவிர யாரும் இல்லை. வந்தவள் பேர் பொன்னம்மாள். கிட்டே நின்றபோது அந்த எண்ணெய் வாசம் வந்தது.

“என்ன சொந்தத்துல வந்தீங்” என்றாள் மாராயி.

“சொந்தமெல்லாம் இல்லீங் அம்மிணி. நான் சாமான் வித்தவ, அவரு வாங்கினவரு. கொஞ்ச நாளாச் சந்தைக்கு வரலை. கேட்டதுக்குக் காச்சல்னாங்க. எங்கூட்டுக்காரருக்குத் துரை குடுத்த கொய்னா மாத்திரை மிச்சம் இருந்துச்சு.” மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். எடுத்தவளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சாமான் வாங்கினவங்களுக்கெல்லாம் மலையேறி வந்து மருந்து குடுப்பீங்களா?”

பொன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கொடுக்கமாட்டேன்தான் என்றாள். அது தன் புருஷன் கை தேய்ந்த பொருள், விற்ற பிறகு ராத்தூக்கம் இல்லை, அது எந்த வீட்டில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று ஒருதடவை பார்க்க வேண்டுமென்று இருந்தது, அதுவும் ஒரு காரணம் என்றாள். பொய் சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் நன்றாகப் பொய் சொல்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று மாராயி நினைத்துக்கொண்டாள்.

“அவரு எதுக்கு அதை வாங்கினாரு? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணுமே.”

“எனக்கும் அது புரியலீங். அன்னிக்குக் கடையில ஆளில்லாம நான் சும்மா அதைத் தட்டிக்கிட்டிருந்தனுங். தலையில மிளகு மூட்டையோட அந்தப் பக்கம் போனவரு பட்டுனு நின்னாரு. ‘வாரேன், வாரேன்’னு சொல்லிக்கிட்டே கடைக்கு முன்னால வந்து நின்னுட்டாரு. நான் யாரையுங் கூப்புடலியேன்னேன். அவரு முழிச்ச முழியிருக்குதே. அப்பறந் தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு, இன்னொருக்காத் தட்டுங்கன்னாரு.”

 வாரேன் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், சுமையோடு, நடுச்சந்தையில். மாராயி கூடையருகே போய் வைக்கோலை வாரி எறிந்தாள். சாக்கோடு அதை எடுத்துப் பொன்னம்மாள் மடியில் போட்டாள்.

“இப்பத் தட்டுங். யாரைக் கூப்புடுதுன்னு நானுங் கேக்கறேன்.”

பொன்னம்மாள் சாக்கைப் பிரித்து, வைக்கோல் தூசியை முந்தானையால் துடைத்தாள். ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எல்லாம் இறங்கிக் கிடக்கிறது என்றாள். முளைகளை ஒவ்வொன்றாகத் திருகத் தொடங்கினாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. அதே முணுமுணுப்பு. மாராயி விடவில்லை, அது என்ன சொல் என்று கேட்டாள்.

துரை பாஷைச் சொல் என்றாள் பொன்னம்மாள். நாலு கம்பிக்கும் நாலு சத்தம், மறந்துபோகாமல் இருக்கத் துரைமார் ஒரு சொல் வைத்திருப்பார்கள், தன் புருஷன் சொல்லிக் கொடுத்தது. அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கி, “என் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி புடிச்சிருக்குதுன்னு அர்த்தமாமுங்” என்றாள்.

மாராயி அவள் முகத்தையே பார்த்தாள். எழவு வீட்டில் இப்படியும் ஒருத்தி விளையாடுவாளா?

“அவருமா அதைச் சொன்னாரு?”

“அவரு வாயில அந்தப் பாஷை நிக்கலீங். வேற எதையோ சொல்லிக்கிட்டுத்தான் முறுக்குவாரு. உங்க சொல்லு என்னன்னு கேட்டேன், வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லலை.”

“பேரா? பொம்பளைப் பேரா?”

“பேரு மாதிரித் தெரியலீங் அம்மிணி” என்றாள் பொன்னம்மாள். கடைசி முளையை ஒரு மயிரளவு திருகி, நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். மேலே, கீழே, நடுவே, கடைசியில் எட்ட உயர்ந்து.

முன்பக்கத்தில் ஒப்பாரி ஓய்ந்திருந்த நேரம். வீட்டைச் சுற்றிக்கொண்டு கரியன் வந்தது. பிணத்தின் காலடியை விட்டு விடிந்ததிலிருந்து நகராத நாய். பொன்னம்மாளைப் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்ததையும் பார்க்கவில்லை. நேரே கல்தொட்டிக்குப் போய், காலியாகக் கிடந்த அதை ஒருதரம் நக்கிவிட்டு, மாராயி முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது.

மாராயி உதட்டை அசைத்தாள். கூ, ழா, று, துங்.

“இன்னொருக்காத் தட்டுங்” என்றாள்.

பொன்னம்மாள் தட்டினாள். நாய் வாலை ஆட்டியது. மாராயி எதிர்ச் சரிவைப் பார்த்தாள். சாமைக்காடு வெயிலில் கிடந்தது. மண்வெட்டியோடு யாரும் ஏறி வரவில்லை. விறகு அடுக்கைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்ல உட்கார்ந்தாள். பொன்னம்மாள் அதை மாராயிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, தன் புருஷன் விரல் தேய்த்த பள்ளத்தை ஒருதரம் தடவிவிட்டு, முன்னால் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

நேரமாகிவிட்டதென்று பொங்கியண்ணன் பின்பக்கம் வந்தபோது, மாராயி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடைத்துவிட்டதா என்று கை நீட்டினான்.

“இது இருக்கட்டும்” என்றாள்.

“அண்ணன் கை புடிச்ச சாமானுங் அண்ணி. வெச்சுக்கிட்டாத் தேடி வருவாரு.”

“வரட்டும்.”

பொங்கியண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு அருவாளையும் வெற்றிலைப் பையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனான்.

பாடை புறப்பட்டது. பெண்கள் வாசல்வரை போய் விழுந்து அழுதார்கள். மாராயியும் அழுதாள். மரவள்ளிக்காட்டுத் திருப்பத்தில் ஆண்களின் தலைகள் மறைந்த பிறகு, பொன்னம்மாள் அவளைக் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிவந்தாள். பாய் சுருட்டப்பட்டிருந்தது.

கரியன் மட்டும் தொட்டியருகே அப்படியே நின்றுகொண்டிருந்தது. பிணத்தோடு அது போகவில்லை. மாராயி அடுப்புமேட்டிலிருந்த சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நேற்றுச் சாயங்காலத்துச் சட்டி. மேலே ஏடு கட்டியிருந்தது. விரலால் அதை விலக்கிவிட்டுத் தொட்டிக்குள் சாய்த்தாள்.

கூழ் ஆறிப்போயிருந்தது.